வெளிக்குப் போகிற நேரம்

காலை ஐந்தே கால் மணி. நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம் நைனா. என் தகப்பனாரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எழுந்ததும் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டே வீட்டுக்கெல்லாம் கேட்கும்படி மணி சொல்வது அவர் வழக்கம். அன்றைக்கு அவர் "அஞ்சே கால்" என்று சொல்லி வாய் மூடவில்லை, அக்காவின் மாமியார் சமையலறைக்குள் போய், குடிதண்ணீர்ப் பானைமேல் இருந்த பித்தளைச் சொம்பை எடுத்துத் தண்ணீர் மொண்டுகொண்டு வெளியே வந்தார்.

"எந்தப் பக்கம் போவணும் சம்பந்தி?"

அம்மா சொம்பையே பார்த்தாள். நாங்கள் எல்லோரும் தண்ணீர் குடிக்கும் சொம்பு அது.

"கொல்லையில கக்கூஸ் இருக்குதுங்க. அங்கியே டப்பா வெச்சிருக்கறோம். சொம்ப இப்பிடி குடுங்க."

"கொல்லைன்னா? இந்த மதிலுக்கு உள்ளியா?"

"ஆமாங்க."

"அடுப்பு எங்க இருக்குது, அது எங்க இருக்குது! சீ, கருமம்!"

முகத்தைச் சுளித்துக்கொண்டு, சொம்போடு தெருக்கதவைத் திறந்து ஏரிக்கரைப் பக்கம் நடந்துவிட்டார். அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை.

அது ஐம்பதுகளின் நடுவில், திருவள்ளூரில், ஒரு சித்திரைக் கடைசி. எனக்கு ஒன்பது வயது இருக்கும். அக்காவைப் பெரியபாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தோம். முதல் பிள்ளை வயிற்றில். காய்ச்சலும் நீர்க்கடுப்புமாக எங்கள் வீட்டுக்கு வந்து, அப்போதுதான் கொஞ்சம் தேறியிருந்தாள். சம்பந்திகள் இரண்டு பேரும் முந்தின நாள் மாலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அக்காவுக்கு வளைகாப்பு போட்டு, பிரசவம் வரைக்கும் எங்கள் வீட்டிலேயே விட்டுப் போவதாகப் பேச்சு.

என் வயதுக்காரர்களுக்கு எடுப்புக் கக்கூஸ் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். என் மகளிடம் சொன்னபோது அவள் நான் கதை விடுகிறேன் என்றாள். கால் வைக்க இரண்டு கல், நடுவில் ஓட்டை, கீழே ஒரு தகரத் தட்டு. பின்பக்கச் சந்தில் சின்னத் தகரக் கதவு. தினமும் ஒரு பெண் அந்தக் கதவைத் தூக்கி, தட்டை இழுத்துச் சுரண்டிக் கூடையில் போட்டுக்கொண்டு போவாள். அவள் பேரை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அம்மாவின் சட்டங்கள் அங்கே கடுமையானவை. போனவர் ஒரு கொட்டாங்குச்சிச் சாம்பல் தூவ வேண்டும். கழுவுவதைத் தள்ளிப் போய் சலதாரை ஓரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தட்டில் தண்ணீர் விழுந்தால் எல்லாம் கரைந்து சந்து முழுக்க ஓடும். கறுத்துப்போன தகரக் குவளை அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. கால் கழுவாமல் படி மிதிக்கக் கூடாது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கக்கூஸே இல்லை. அதனால் அவளுக்கு அது பெருமை. வந்தவர்களிடம் வெற்றிலைத் தட்டை நீட்டும் முன்பே கொல்லையைக் காட்டிவிடுவாள்.

நாற்றத்தைப் பற்றி அவள் பேசமாட்டாள். அக்கினி வெயிலில் அந்தத் தகரக் கூரை காய்ந்தால் நாற்றம் மூக்கோடு நிற்காது, நாக்கில் வந்து படியும். பச்சை முதுகு ஈக்கள் கூட்டமாக எழுந்து வந்து உதட்டில் உட்காரும். கை வீசுவதற்குள் எங்கே உட்கார்ந்துவிட்டு எங்கே வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டால் போதும், அன்றைய சாப்பாடு அவ்வளவுதான்.

மாமியார் திரும்பி வந்தார். கிணற்றடியில் மண்ணைப் போட்டுச் சொம்பைத் தேய்த்து அலம்பி, பழையபடி குடிதண்ணீர்ப் பானைமேல் வைத்தார். அவர் முதுகு மறைந்ததும் அம்மா அதை அடுப்பு இடுக்கியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, மதில்மேல் வெயிலில் கவிழ்த்தாள். மாமியார் பார்த்துவிட்டார்.

"இன்னா சம்பந்தி, நான் தொட்டது தீட்டா?"

"அய்யோ, அப்பிடி இல்லீங்க. குடிக்கற சொம்பு, அதான்."

"மண்ணு போட்டு தேச்சா பித்தளைக்கு இன்னா கொற? எங்க ஊட்ல ஒரே சொம்புதான். வெளிக்கும் அதான், வாய்க்கும் அதான். யாருக்கு இன்னா கேடு வந்துச்சி?"

அக்கா கல்யாணத்துக்கு மறுவாரம் அந்த வீட்டில் நான் மோர் குடித்திருந்தேன். ஒரு சொம்பு நிறைய, அண்ணாந்துகூட இல்லை, வாய் வைத்து. அது நினைவுக்கு வந்ததும் கிணற்றடிக்கு ஓடினேன். வெறும் வயிறு, மஞ்சளாகத்தான் வந்தது.

மாமனார் அதிர்ந்து பேசாதவர். வேப்பங்குச்சியை மென்றுகொண்டே கொல்லைக்கு வந்தார். கக்கூஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு மூடினார். பிறகு வேட்டியைச் சுருட்டிக்கொண்டு முருங்கை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்த எனக்கு எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியவில்லை.

"இன்னா கண்ணு பாக்கற? மரத்துக்கு நல்லதுதான். அடுத்த மாசம் பாரு, காய் எம்மாம் நீட்டு தொங்குதுன்னு."

அவர் தலைக்குமேல் தொங்கிய கிளையில்தான் முந்தின நாள் கீரை ஒடித்திருந்தோம். அம்மா ஆய்ந்து வைத்திருந்த கீரையை முறத்தோடு கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினாள். நைனாவைச் சமையலறைக்குள் இழுத்து, பல்லுக்குள்ளேயே பேசினாள்.

"உங்க சம்பந்தி பண்ண வேலைய பாத்தீங்களா? கீரை புடுங்கற மரத்தடியில."

"ரெண்டு நாளு. பல்ல கடிச்சிக்கினு இரு. பொண்ணு குடுத்த எடம்."

நைனா தாலுகா ஆபீசில் குமாஸ்தா. ஆபீசில் யாருக்கும் பயப்படாதவர் என்று பேர். பெண் கொடுத்த இடம் என்றால் மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

இதெல்லாம் நடந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. போன மாதம் நானும் என் வீட்டுக்காரரும் கும்மிடிப்பூண்டிக்குப் போயிருந்தோம். மகளுக்கு ஒரு வரன். பையனுக்குத் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் வேலை. காபி வரும் முன்பே நான் எழுந்து பாத்ரூம் எங்கே என்று கேட்டுவிட்டேன். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன், திறந்தேன், மறுபடியும் போட்டேன். சங்கிலியை இழுத்தேன். குழாயைத் திறந்து தண்ணீர் எவ்வளவு நேரம் வருகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தால் பையனின் அம்மா கவலையோடு, "உடம்புக்கு முடியலீங்களா?" என்றார். எளாவூர் சோதனைச் சாவடியிலிருந்து வரும் லாரிகளுக்கெல்லாம் வழிவிட்டு ஊர்ந்த பஸ்ஸில் என் வீட்டுக்காரர் வழி நெடுகத் திட்டினார். "மாப்பிள்ள பாக்க வந்தாங்களா, கொழா ரிப்பேருக்கு வந்தாங்களான்னு கேக்கப் போறாங்க. மானத்த வாங்கற நீ." அவருக்கு அக்காவின் கதை பாதிதான் தெரியும். யாரிடமும் நான் முழுக்கச் சொன்னதில்லை. இது சொல்லிக்கொள்ளும்படியான கதையும் இல்லை.

எங்கள் கக்கூஸ் கதவின் கொக்கி உடைந்துபோய் நாளாகியிருந்தது. அக்கா உள்ளே போனால் நான் வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். டாக்டரம்மா அவளை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தாள். அதனால் எனக்கு ஓயாத வேலை. எரிச்சலில் ஒருநாள், "உங்க ஊர்லயும் இப்பிடித்தான் போவியா?" என்று கேட்டுவிட்டேன். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"அங்க விடியறதுக்கு முன்ன ஒரு வாட்டி, பொழுது போனா ஒரு வாட்டி. அவ்ளோதான்."

"நடுவுல வந்தா?"

"அடக்கிக்கணும். மருமவ பட்டப்பகல்ல சொம்பு தூக்கினு தெருவுல போனா குடும்ப மானம் பூடும்."

"ஒண்ணுக்கு கூடவா?"

"ஒண்ணுக்கு கூடத்தான்."

"இன்னாக்கா பண்ணுவ அப்ப?"

"தண்ணி குடிக்க மாட்டேன். உதட்ட மட்டும் நனைச்சிப்பேன். சோறும் கொஞ்சமா துண்ணுவேன்."

பிள்ளை உண்டான பிறகு அடக்க முடியவில்லையாம். ஒரு மத்தியானம் மாட்டுக் கொட்டகையின் மூலையில் உட்கார்ந்துவிட்டாள். மாமியார் பார்த்துவிட்டு, லட்சுமி இருக்கிற இடத்தில் மூத்திரம் பெய்தாயா என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தி, கொட்டகை முழுவதையும் சாணி போட்டு மெழுக வைத்தாராம்.

"மாடு பேயலாம்டி. நான் பேயக் கூடாதாம்," என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது. கொட்டகை மெழுகியதற்கு அப்புறம் அங்கே வாரத்துக்கு வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்ததாம். போகும்போது எரிச்சலில் சுவரைப் பிராண்டுவாளாம். இதையெல்லாம் எந்தப் பெரியவரிடமும் எப்படிச் சொல்வது? அம்மாவிடம் பாதி சொன்னாள். புருஷனிடம் முழுக்கச் சொல்லியிருந்தாள். அவர் மெட்ராஸில் விடுதியில் தங்கி வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

சம்பந்திகள் வந்த மறுநாளுக்கு வருகிறேன். காலைச் சாப்பாட்டுக்குச் சமையலறைக்கு வெளியே எல்லோருக்கும் இலை போட்டிருந்தது. இட்லி, வெங்காயச் சட்னி, முந்தின நாள் மீன் குழம்பு. முதல் இட்லியைப் பிய்த்திருப்போம். சந்துப் பக்கம் தகரக் கதவு தூக்கும் சத்தம் கேட்டது. தட்டு கல்மேல் உரசியது. சரக், சரக் என்று சுரண்டல். வெயில் காற்று கொல்லைப் பக்கமிருந்து வீசி, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து இலைமேல் போட்டது.

நாங்கள் பழகியவர்கள், மூச்சை நிறுத்திக்கொண்டு விழுங்கினோம். மாமியார் இலையை மடக்கினார்.

"இந்த நாத்தத்துல உங்களுக்கு எப்பிடித்தான் தொண்டையில எறங்குது?"

காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்த அம்மா வாயைத் திறந்துவிட்டாள். "ஏரிக்கரையில குந்தறதுக்கு இது எவ்வளவோ மேல் சம்பந்தி. கதவு இருக்குது. மானமா போய்ட்டு வரலாம்."

"மானமா?" மாமியார் எழுந்தேவிட்டார். "நாங்க போறத வெயிலு காய வெக்குது, பன்னி துண்ணுது, மண்ணு மூடிக்குது. உங்கள்த ஒரு பொம்பள கூடையில ஏந்திக்கினு போறா. அவளுக்கு இருக்குதா மானம்? நீங்க இந்தப் பக்கம் இட்லி துண்றீங்க, அவ அந்தப் பக்கம் அள்றா. எதும்மா அசிங்கம்?"

சுரண்டும் சத்தம் நின்றிருந்தது. மதிலுக்கு அப்பால் அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும். சற்றுப் பொறுத்துத் தகரக் கதவு விழுந்தது. அம்மா சாகும்வரை மாமியாரின் ஆணவத்தைப் பற்றிப் பேசினாளே தவிர, எது அசிங்கம் என்ற அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. மதிலுக்கு வெளியே இருந்தவளை அந்த அம்மாள் பார்த்துவிட்டார். தன் வீட்டு மாட்டுக் கொட்டகையில் இருந்தவளைத்தான் பார்க்கவில்லை.

"என் பேரப்புள்ள இந்த நாத்தத்துல பொறக்க வாணாம். வளைகாப்ப எங்க ஊட்ல வெச்சிக்கறோம். பிரசவமும் அங்கியே. ஊர்ல மருத்துவச்சி இருக்கறா. பொழுது சாய பஸ்ஸுக்கு இவள அனுப்பிடுங்க."

பரிமாறிக்கொண்டிருந்த அக்கா சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நான் வர்ல அத்தை."

"இன்னா?"

"அங்க போவறதுக்கு எடமில்ல அத்தை. என்னால அடக்க முடியல. டாக்டரம்மா அடக்கவே கூடாதுன்றாங்க. பகல்ல போவ உடமாட்டீங்க. தண்ணி குடிக்காம நான் எப்பிடி…"

மாமனார் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். நைனாவின் முகம் கறுத்துவிட்டது.

"உள்ள போ."

"நைனா…"

"உள்ள போன்றேன். ஆம்பளைங்க உக்காந்திருக்கற எடத்துல பேசற பேச்சா இது? வெக்கமா இல்ல?"

மாமியார் அதிர்ந்ததாகவே தெரியவில்லை. அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. "நானுந்தான் ஆறு பெத்தேன். அதே ஏரிக்கரைக்குத்தான் போனேன், அதே இருட்டுல. என் மாமியா எனக்கு கக்கூஸா கட்டிக் குடுத்தா?"

அந்த ஆறில் இரண்டுதான் தங்கின. அங்கே இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

சமையலறையில் அம்மா நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அனுப்பாதீங்க. நான் கால்ல வேணா உழுறேன்."

"நீ ஆரம்பிச்சதுதான இது? ஏரிக்கரை, மானம்னு. பொண்ணு குடுத்த எடம்னு எவ்ளோ வாட்டி சொன்னேன்?" பிறகு அவருக்கே ஒரு வழி தோன்றியது. கூடத்துக்குப் போய்ச் சொன்னார்: "மாப்பிள்ள சாயங்கால ரயில்ல வர்றாரு. படிச்சவரு. அவரு இன்னா சொல்றாரோ அப்பிடியே செஞ்சிடலாம் சம்பந்தி."

மாமியார் ஒத்துக்கொண்டார். அக்காவுக்கும் முகம் தெளிந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம் உள்ளேயிருந்து, "அவருக்கு எல்லாம் தெரியும்டி. நான் அழுதுகினே சொன்னப்ப என் தலைய தடவி குடுத்தாரு," என்றாள். மத்தியானம் நிறையத் தண்ணீர் குடித்தாள். தலை சீவிக் கனகாம்பரம் வைத்துக்கொண்டாள்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எட்டாம் மாதம் அந்த ஊரில் அவளுக்கு மறுபடியும் குளிர்க்காய்ச்சல் வந்தது. குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. அவள் அந்தத் தடவை பிழைத்தாள். அதற்கப்புறம் வரும்போதெல்லாம் காலையில் முகம் வீங்கியிருக்கும், மாலையில் கால் வீங்கியிருக்கும். குண்டிக்காய், அதாவது சிறுநீரகம், கெட்டுவிட்டது என்றார்கள். என் கல்யாணத்துக்கு அவள் இல்லை. மாமியாரை நான் வெறுத்தேன், இப்போது வெறுக்க முடியவில்லை. அவரும் அதே இருட்டில் போய்வந்தவர். நைனாவை நினைத்தால் வருத்தம்தான். குமட்டிக்கொண்டு வருவது வேறு ஒன்றை நினைத்தால். என் மகளுக்கு வரும் ஒவ்வொரு வரனின் முகத்திலும் நான் தேடுவதும் அதைத்தான். நல்லவனாகவே இருப்பான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் பயம்.

மாப்பிள்ளை வெயில் தாழ வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை, எனக்கு ஒரு பொட்டலம் மிட்டாய். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மாமியார் ஒரு பக்கம், நைனா ஒரு பக்கம். எல்லாவற்றையும் நின்றுகொண்டே பொறுமையாகக் கேட்டார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் அக்கா நிற்பதையும் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இருங்க மாமா. மொதல்ல கொல்லைக்கு போய்ட்டு வந்துர்றேன். ரயில்லேந்தே அவசரம்."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். அக்கா எனக்குக் கண் காட்டினாள். நான் போய்க் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். உள்ளேயிருந்து பீடிப் புகை வந்தது. அவர் அவசரப்படவே இல்லை. ஏதோ பாட்டை முணுமுணுத்தார். வீட்டுக்குள் எல்லோரும் காத்திருந்தார்கள்.

சாம்பலை முறையாகத் தூவினார். சலதாரை ஓரத்தில் கழுவினார். குவளையை எடுத்த இடத்தில் வைத்தார். படி ஏறும் முன் கால் கழுவினார். அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அவளே துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து ஓரடி முன்னால் வந்து நின்றாள்.

மாப்பிள்ளை முகத்தையும் கழுத்தையும் நிதானமாகத் துடைத்துக்கொண்டார்.

"அப்பாடா. இதுக்கு ஈடே கெடையாது மாமா. ஹாஸ்டல்ல பழகினதுலேந்து எனக்கு வெட்ட வெளியில வரவே மாட்டேங்குது. லீவுக்கு ஊருக்கு போனா ரெண்டு நாளைக்கு படாத பாடு," என்று சிரித்தார். துண்டை அக்காவிடம் நீட்டினார்.

"போ, பொட்டிய எடுத்துக்கினு வா. அம்மா சொல்றாங்கல்ல. பொம்பளைங்களுக்கு பழகிடும்."